எட்டெட்டாய் வளரும் சதுரம்

மரக்காணத்து உப்பளத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸிலோ காரிலோ கடப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது கட்டம்தான். வரப்பு கட்டிய பாத்திகள், ஒன்றையொன்று ஒட்டி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஓரத்தில் வாரிக் குவித்த உப்பு. வண்டியை நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போய்விடுவார்கள். வரப்பில் குந்தி, காற்று அடங்கிய மதியத்தில் பாத்தியின் நீர்ப்பரப்பை உற்றுப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சதுரம் தெரியும். விரல் நகத்தைவிடச் சின்னது. மிதந்துகொண்டிருக்கும்.

உப்புநீர் வெயிலில் சுண்டச் சுண்ட, முதல் படிகங்கள் பலவும் மேற்பரப்பில்தான் பிறக்கின்றன. நீர் ஆவியாகும் இடம் அதுதானே. படிகம் நீரைவிடக் கனமானதுதான். ஆனாலும் பரப்பு இழுவிசை அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். எடை கூடக் கூட அது சிறிது சிறிதாகத் தாழும். தாழ்ந்ததும் அதன் மேல் விளிம்பில் மட்டும் புது உப்பு ஒட்டும். மறுபடி தாழும், மறுபடி விளிம்பில் ஒரு சுற்று கூடும். இப்படி வளர்ந்து வளர்ந்து, நடுவில் குழிந்து, நான்கு பக்கமும் படிபடியாக ஏறும் ஒரு குட்டிச் சதுரக் கிண்ணம் உருவாகிவிடும். பிரமிடைத் தலைகீழாகத் திருப்பிய வடிவம். காற்று அசைத்தாலோ எடை மிஞ்சினாலோ அமிழ்ந்து அடியில் கிடக்கும் உப்போடு சேர்ந்துவிடும். அதனால்தான் கடையில் வாங்கும் கல் உப்பில் இந்த வடிவம் முழுதாகக் கிடைப்பதில்லை.

ஏன் வட்டமாக வளராமல் சதுரமாக வளர்கிறது? சோடியமும் குளோரினும் மாறி மாறி அடுக்கிய கனசதுரக் கட்டம்தான் உப்பு. லாரன்ஸ் பிராக் 1913இல் எக்ஸ் கதிரை வைத்து அதைக் கண்டறிந்தார். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கட்டத்தின் ஒழுங்கே பாத்தியில் கண்ணுக்குத் தெரிகிற சதுரமாகிறது.

கொக்கி ஊசியால் குரோஷே பின்னத் தெரிந்த எந்தப் பெண்ணும் இந்தப் படிகத்தைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வாள். நடுவில் தொடங்கி, சுற்றுச் சுற்றாகப் பெருகி, மூலைகளில் கூட்டிக்கொண்டே போகும் சதுரம் அவள் கைக்குப் பழகியது. அதற்கு உலகம் முழுக்க கிரானி ஸ்கொயர் என்று பெயர். 1885இல் அமெரிக்காவின் ‘பிரெய்ரி ஃபார்மர்’ இதழில் வந்த குறிப்புதான் அச்சில் அதற்கு உள்ள ஆகப் பழைய சான்று என்கிறார்கள். சோபாவின் முதுகில் விரித்த துணி, தொலைக்காட்சிப் பெட்டி மேல் போட்ட விரிப்பு, குழந்தையின் போர்வை என்று தமிழ்நாட்டு வீடுகளிலும் அது இல்லாத தெரு குறைவு. பாட்டி காலத்துப் பொழுதுபோக்கு என்று எளிதாக ஒதுக்கிவிடுகிறோம். அதற்குள் இருக்கும் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் அப்படி ஒதுக்க மனம் வராது.

முதலில் ஒரு விளக்கம். பிரிட்டிஷ் புத்தகங்கள் ‘டபுள் குரோஷே’ என்று எழுதுவதை அமெரிக்கப் புத்தகங்கள் ‘சிங்கிள்’ என்கின்றன. பழைய புத்தகம் வைத்திருப்பவர்களும் யூடியூப் பார்த்துக் கற்பவர்களும் மோதிக்கொள்வது இங்கேதான். இந்தப் பதிவில் வருவதெல்லாம் அமெரிக்க முறை. சிங்கிள் என்றால் குட்டையான ஸ்டிச், அதாவது பின்னலின் ஒரு கண்ணி. அதன் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. டபுள் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம்.

சிங்கிளில் ஒரு தட்டையான வட்டம் பின்ன வேண்டும் என்றால், முதல் சுற்றில் 6 ஸ்டிச். அடுத்ததில் 12, பிறகு 18, பிறகு 24. சுற்றுக்கு ஆறு கூட்ட வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஏன் ஆறு என்று பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு இரண்டு பை, அதாவது 6.28 கூடும். ஒரு சுற்று பின்னினால் ஆரம் ஒரு ஸ்டிச் உயரம் கூடுகிறது. ஆகவே சுற்றளவில் ஆறு ஸ்டிச் கூட்ட வேண்டியிருக்கிறது. டபுளில் உயரம் இரட்டிப்பு, ஆகவே 12 கூட்ட வேண்டும். பை என்ற எழுத்தையே பார்த்திராத எத்தனையோ கைகள் இதைத் துல்லியமாகச் செய்துகொண்டிருக்கின்றன. தப்பினால் பின்னலே காட்டிக் கொடுத்துவிடும். கூட்டுவது குறைந்தால் விளிம்பு இறுகிக் கிண்ணமாகக் குழியும். அதிகமானால் விளிம்பு அலையலையாகச் சுருங்கி நிற்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அதே ஆறைத்தான் கூட்டுகிறோம், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய சுற்றில் கூட்டிய இடத்துக்கு நேர் மேலேயே கூட்டினால் வட்டம் வராது, அறுகோணம் வந்துவிடும். இடத்தைச் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் தள்ளி வைத்தால்தான் வட்டம். ஒரே எண்ணிக்கை, இடம் மட்டும் வேறு, வடிவம் முற்றிலும் வேறு. சதுரத்துக்கு நான்கு மூலை. ஒவ்வொரு மூலையிலும் ஒரு ஸ்டிச்சின் இடத்தில் மூன்று போட்டால் மூலைக்கு இரண்டு கூடும், நாலிரண்டு எட்டு. ஆகவே சிங்கிளில் சதுரம் 8, 16, 24, 32 என்று எட்டெட்டாக வளர்கிறது. அந்த எட்டுக்கும் காரணம் வடிவியலில்தான். சுற்றுக்கு ஒரு பக்கத்தின் நீளம் இரண்டு ஸ்டிச் கூடுகிறது, இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. பக்கங்கள் நான்கு.

அதிகமாகக் கூட்டினால் அலையலையாக வரும் என்றோமே, அந்த அலையில்தான் ஒரு பெரிய கதை இருக்கிறது. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு புள்ளி வழியாக அந்தக் கோட்டை வெட்டாத பல கோடுகள் போகலாம் என்ற வடிவியல் ஒன்று 19ஆம் நூற்றாண்டில் உருவானது. அதைத் தாளில் வரையலாம். ஆனால் அதன் பரப்பைக் கையில் எடுத்துத் தடவிப் பார்க்க வழியில்லை. அமெரிக்கக் கணிதவியலர் வில்லியம் தர்ஸ்டன் தாள் துண்டுகளை ஒட்டி ஒரு மாதிரி செய்ய வழி சொன்னார். அது கையாளக் கையாளக் கிழியும். லாட்வியாவில் பிறந்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டைனா டைமினா 1997இல் அந்தத் தாள் மாதிரியைப் பார்த்தார். சின்ன வயதிலேயே கைவேலை பழகியவர். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே விகிதத்தில், உதாரணமாக ஐந்துக்கு ஒன்று என்று, கூட்டிக்கொண்டே போனால் அந்தப் பரப்பு தானாகவே உருவாகும் என்று கண்டு நூலில் பின்னிக் காட்டினார். கிழியாது, மடிக்கலாம், மடித்த கோட்டின் மேல் வேறு நிற நூல் ஓட்டித் தேற்றத்தைச் சரிபார்க்கலாம். அவர் எழுதிய நூல் 2009இல் வந்தது. 2012இல் அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்று அதற்கு ஆய்லர் நூல் பரிசு கொடுத்தது. பவளப்பாறை, ஓடில்லாக் கடல் நத்தை, முட்டைக்கோசு இலையின் ஓரம் எல்லாம் இதே அலைப் பரப்புதான். ஆஸ்திரேலியாவில் பிறந்த மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005இல் தொடங்கிய குரோஷே பவளப்பாறைத் திட்டம் டைமினாவின் கண்டுபிடிப்பிலிருந்துதான் கிளைத்தது.

தமிழ்நாட்டுக்கு இது புதிய அனுபவம் இல்லை. தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1970களில் வாசல் கோலங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் இலக்கணத்தைக் கணினி அறிவியலின் மொழியில் எழுதினார்கள். புள்ளி எத்தனை, சிக்கு எங்கே திரும்ப வேண்டும் என்று பெண்கள் விரலிலேயே வைத்திருந்த அறிவு ஆய்வுக் கட்டுரைகளாக உலகத்துக்குப் போனது. பின்னல் பின்னுகிறவளும் கோலம் போடுகிறவளும் எண்ணுகிறார்கள் என்பதைச் சிலர் மதித்துப் பார்த்ததால் கிடைத்த பலன் இது. மதித்துப் பார்க்காதபோது என்ன ஆகிறது என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. அதற்குப் போக ஒரு கால்வாயைப் பிடிக்க வேண்டும்.

பக்கிங்காம் கால்வாயின் தெற்கு முனை மரக்காணம். சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806இல் தொடங்கிய உப்புநீர்க் கால்வாய், வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, கடைசியில் ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஆனது. அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த துண்டு 1877–78 பெரும் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பட்டினியில் வந்தவர்கள் கூலிக்கு வெட்டிய கால்வாய் அது. பெத்தகஞ்சத்துக்கு வடக்கே கிருஷ்ணா, கோதாவரிப் பாசனக் கால்வாய்கள் அதோடு சேர்ந்துகொள்ளும். உப்பும் நெல்லும் விறகும் ஏற்றிய படகுகள் கோதாவரிப் படுகைக்கும் இந்த உப்பளத்துக்கும் இடையே கடலுக்குப் போகாமலே வந்துபோக வழியிருந்தது. அந்தப் பழைய தடத்தையும் உள்ளடக்கிய காக்கிநாடா–புதுச்சேரி நீர்த்தடத்தை 2008இல் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவித்தார்கள். இன்று மரக்காணத்துப் பக்கம் அது தூர்ந்தும் சேறாகியும் கிடக்கிறது. ஆனாலும் குரோஷேயின் கதையைச் சொல்ல இந்தக் கால்வாய் நல்ல வழித்துணை. தென்முனையில் உப்புச் சதுரம். நடுவில் சென்னை. வடமுனைக்கு அப்பால் கோதாவரிப் படுகையில் நரசாபுரம்.

சென்னைக் கதை மகிழ்ச்சியானது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ஒரு போர்வையை விரித்தார்கள். 11,148.5 சதுர மீட்டர். கின்னஸ் அதை உலகின் மிகப் பெரிய குரோஷே போர்வையாகப் பதிவு செய்தது. ஏக்கர் கணக்கில் சொன்னால் இரண்டே முக்கால் ஏக்கர். மரக்காணத்து உப்பளத்தில் நின்று அந்த அளவைக் கற்பனை செய்து பார்த்தால்தான் பிடிபடும். சென்னையும் இந்தக் கடற்கரையும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மிதந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவே பின்னி அனுப்பிய துண்டுகளைச் சேர்த்து இணைத்த போர்வை அது. அதே ஆண்டு ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் ‘67 பிளாங்கெட்ஸ்’ இயக்கம் 17,000 சதுர மீட்டரைத் தாண்டிய போர்வையால் அந்தச் சாதனையைக் கடந்தது. அதை விரித்த இடம் டிராகன்ஸ்டைன் சிறை. நெல்சன் மண்டேலா 1990இல் விடுதலையாகி வெளியே நடந்து வந்த சிறை. சென்னைக் குழு சும்மா இருக்கவில்லை. 2017இல் 14 கிலோமீட்டரைத் தாண்டும் ஸ்கார்ஃப் ஒன்றைப் பின்னி மறுபடி கின்னஸில் இடம் பிடித்தது.

இத்தனை பேர் பின்னிய துண்டுகளை ஒட்டுவது சாதாரண வேலை இல்லை. ஒருத்தர் கை இறுக்கம், இன்னொருத்தர் கை தளர்வு. ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே எண்ணிக்கை. ஆனாலும் ஒரு சதுரம் விரற்கடை சிறுத்தும் இன்னொன்று பெருத்தும் வரும். அதனால் இணைப்பதற்கு முன் ஈரப்படுத்தி, அளவுக்கு இழுத்து, குண்டூசி குத்தி ஓர் இரவு காயவைக்கிறார்கள். அந்த ஒரு இரவில்தான் கோணல் மாணலான துண்டு சதுரமாகிறது. அவசரத்தில் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போனவர்களின் போர்வை ஓரம் வாழ்நாள் முழுக்க நெளிந்தே கிடக்கும்.

நரசாபுரத்தின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் கோதாவரிப் பகுதிப் பெண்களுக்கு இந்தப் பின்னலைக் கற்றுக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். அதே காலத்தில் அயர்லாந்தில், 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது, கன்னிமாடங்கள் பெண்களுக்குக் குரோஷே கற்றுக் கொடுத்துக் கஞ்சிக்கு வழி செய்தன. ஒருத்தி ரோஜா மட்டும், ஒருத்தி இலை மட்டும் பின்ன, இன்னொருத்தி அவற்றைச் சேர்த்து ஒரு கழுத்துப்பட்டையாக்குவாள். நமது நாஞ்சில் நாட்டுக்கு லேஸ் அதற்கும் முன்பே வந்துவிட்டது. நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அவர் மகள் எலிசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கலையும் கூடவே போனது. அது கொக்கி ஊசியில் பின்னுவதல்ல, திண்டின் மேல் குண்டூசி குத்தி நூற்கட்டைகளைப் புரட்டிப் பின்னுவது. குடும்பம் ஒன்றுதான், முறை வேறு.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் நரசாபுரத்துக்குப் போய் ஆய்வு செய்து 1982இல் ‘நரசாபுரத்து லேஸ் பின்னும் பெண்கள்’ என்ற நூலை வெளியிட்டார். பெண்ணுரிமை பற்றிய படிப்பில் இன்றுவரை பாடமாக இருக்கும் நூல். அவர் கண்டது இதுதான். நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னுகிறார்கள், அதற்கு மேல் சமையல், பாத்திரம், பிள்ளைகள். பின்னியது கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறது. நடுவில் தரகர்கள், வியாபாரிகள், ஏற்றுமதியாளர்கள் எல்லோரும் ‘தொழில் செய்பவர்கள்’. பின்னுகிறவள் மட்டும் ‘சும்மா வீட்டில் இருப்பவள், ஓய்வு நேரத்தில் பின்னுபவள்’. ஓய்வு நேரம் என்று பெயர் வைத்துவிட்டால் கூலியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. துண்டுக்கு இவ்வளவு என்று கொடுப்பதே உபகாரமாகிவிடும். 2024இல் நரசாபுரம் குரோஷே லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும், மணிக்கணக்கைக் காக்காது.

இந்த அநியாயம் இன்னும் கூர்மையாகத் தெரிய ஒரு உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். குரோஷேயை ஆலை இயந்திரத்தில் பின்ன இதுவரை முடிந்ததில்லை. ஸ்வெட்டர் பின்னும் முறையில் ஒரு வரிசை முழுக்க நூற்றுக்கணக்கான வளையங்கள் ஒரே நேரத்தில் ஊசியில் திறந்தபடி நிற்கும். இயந்திரத்துக்கு அது தோது. குரோஷேயில் ஒரு ஸ்டிச் முடிந்ததும் திறந்திருப்பது ஒரே ஒரு வளையம். மற்றவை எல்லாம் முடிந்து மூடியவை. அதனால்தான் ஊசி எந்தப் பக்கமும் திரும்பலாம், எந்த ஓட்டையிலும் நுழையலாம், வட்டமோ அறுகோணமோ நட்சத்திரமோ ஆக்கலாம். அந்தச் சுதந்திரத்தை இதுவரை எந்த ஆலையும் பிடிக்கவில்லை. குரோஷே மெஷின் என்று விற்பவை தருவது அதன் சாயலில் உள்ள வேறு வகைப் பின்னல். ஆகவே துணிக்கடையில் மலிவு விலையில் தொங்கும் உண்மையான குரோஷே மேல்சட்டையைப் பார்த்தால் ஒன்று நிச்சயம்: யாரோ ஒரு மனுஷி அதை ஸ்டிச் ஸ்டிச்சாகக் கையால் பின்னியிருக்கிறாள்.

மரக்காணத்தில் உப்புக் காலம் தை, மாசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வரும் வரைக்கும்தான். ஐப்பசி, கார்த்திகையில் பாத்தியெல்லாம் மழைநீர். உப்பு வாரும் பெண்களுக்கு அந்த மாதங்களில் வேலை கிடையாது. மழைக்கால நிவாரணமாக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தருகிறது. இப்படிப்பட்ட கடற்கரைக்குக் கைவேலைப் பயிற்சி கொடுத்தால் என்ன என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. கேள்வி நல்லது. பதில் சொல்லும் முன் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். உப்புநீரில் நாள் முழுக்க நின்று வெடித்த விரல்களில் மெல்லிய லேஸ் நூல் சிக்கும். தடித்த பருத்தி நூலிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டாவது, நேரத்துக்குக் கூலி. பத்துச் சுற்றுள்ள ஒரு சிங்கிள் சதுரத்தில் 8, 16, 24 என்று 80 வரை கூட்டினால் 440 ஸ்டிச். நூறு சதுரம் சேர்ந்த போர்வைக்கு 44,000. ஒவ்வொன்றுக்கும் ஊசியை நுழைத்து, நூலை இழுத்து, மறுபடி நூலைச் சுற்றி, இரண்டு வளையத்தின் வழியே வெளியே எடுக்க வேண்டும். இணைப்பு வேலை தனி. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டு விலை வைக்கிற பயிற்சி என்றால் வரட்டும். ஓய்வு நேரப் பயிற்சி என்ற பெயரில் வந்தால் நரசாபுரத்தின் பழைய கதை இங்கேயும் நடக்கும்.

இதுவரை வடிவத்தைப் பற்றிப் பேசியாயிற்று. மேடு பள்ளம்தான் குரோஷேயின் இன்னொரு பாதி. எத்தனை ஸ்டிச், எங்கே கூட்டுவது என்பது வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ஊசி எங்கே நுழைகிறது என்பது மேடு பள்ளத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்டிச்சின் தலையில் இரண்டு இழை இருக்கும். பின் இழையில் மட்டும் குத்தினால் முன் இழை வெளியே ஒரு வரப்பாக எழுந்து நிற்கும். தலையை விட்டுவிட்டு ஸ்டிச்சின் தண்டைச் சுற்றி முன்பக்கமிருந்து ஊசியை விட்டால் அது முன்னுக்குத் துருத்தும். பின்பக்கமிருந்து விட்டால் பின்னுக்கு அமுங்கும். நான்கு முன்னே, நான்கு பின்னே என்று சில வரிசை பின்னி, பிறகு மாற்றிப் பின்னினால் கூடை முடைந்தது போன்ற பின்னல். ஒரே இடத்தில் ஐந்து டபுளை முடிக்காமல் நிறுத்தி ஒரே இழுப்பில் சேர்த்தால் பாபிள். ஐந்தையும் முடித்துவிட்டு, ஊசியை உருவி, முதல் ஸ்டிச்சில் நுழைத்துக் கடைசி வளையத்தை இழுத்தால் பாப்கார்ன். பாபிளைவிட எடுப்பாக நிற்கும். ஒயர் கூடை பின்னிய தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் புரிய அதிக நேரம் ஆகாது. சிவன்கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுக்கு முடிச்சு மேடு பள்ளத்தை மாற்றிய கைகள் அவை.

இந்தக் கடற்கரைக்கு ஒரு பின்னலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வாஃபிள் ஸ்டிச்சைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் ஒரு வரிசை முழுக்க டபுள். அடுத்த வரிசையில் ஒன்றைத் தண்டைச் சுற்றி முன்பக்கமிருந்து, இரண்டைச் சாதாரணமாக. அதற்கடுத்ததில், தண்டைச் சுற்றியதன் மேல் சாதாரணமாக ஒன்று, மற்ற இரண்டையும் தண்டைச் சுற்றி. இந்த இரண்டு வரிசைகளையும் மாறி மாறிப் பின்னிக்கொண்டே போனால் வரப்பு உயர்ந்து பாத்தி தாழ்ந்த கட்டங்கள் வரும், உப்பளத்தை மேலிருந்து பார்த்த மாதிரியே. நூல் அதிகம் பிடிக்கும், துணி கனமாகும். பாத்திரம் துடைக்கவும் குளித்துத் துவட்டவும் பருத்தியில் பின்னினால் நல்ல உழைப்பு தரும், பள்ளங்கள் தண்ணீரை வாங்கிக்கொள்ளும்.

மரக்காணத்தில் கட்டம் இன்னொரு வடிவிலும் இருக்கிறது. குப்பங்களில் வலை சரி பார்க்கும் மீனவர் கையில். கட்ட வலையின் சில கண்களை நிரப்பி, சிலவற்றைத் திறந்து விட்டு உருவம் காட்டும் ஃபைலே என்ற ஐரோப்பிய லேஸ், முடிச்சு வலையின் மேல் ஊசி ஓட்டிச் செய்வது. அதைக் குரோஷேயில் போலச் செய்ததுதான் ஃபைலே குரோஷே. திறந்த கட்டம் என்றால் ஒரு டபுள், இரண்டு சங்கிலி. நிரப்பிய கட்டம் என்றால் மூன்று டபுள். கட்டத்தாளில் மீனையோ மயிலையோ வரைந்து அப்படியே பின்னிவிடலாம். கற்றுக்கொள்ள எளிது, தப்பினால் உடனே தெரியும்.

நூல் விஷயத்தில் ஒரு வார்த்தை. வெளிநாட்டு வீடியோக்களில் வரும் கம்பளி இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு ஆகாது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக் நிறம் நிறமாக இருக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சாது. பருத்திதான் இங்கே சரி. மதுரையில் ஹார்வி மில்லாகத் தொடங்கிய மதுரா கோட்ஸ் நிறுவனத்தின் ஆங்கர் நூல் தமிழ்நாட்டுக் கைவேலைக்காரர்களுக்குத் தலைமுறைகளாகப் பழக்கம். கடற்காற்றில் எஃகு ஊசி துருப்பிடிக்கும், துரு வெள்ளை நூலில் ஏறினால் போகாது. வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பது நல்லது.

இப்போது அந்த மிதக்கும் படிகத்தையே பின்னிப் பார்க்கலாம். தடித்த பருத்தி நூல், அதற்கு ஏற்றதைவிட ஒரு அளவு சிறிய ஊசி. பின்னல் இறுக்கமாக இருந்தால்தான் நிற்கும். நூலை வளையமாக்கி அதற்குள் 8 சிங்கிள். இரண்டாவது சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் மூன்று மூன்றாகப் போட்டால் நான்கு மூலையும் 16 ஸ்டிச்சும் வந்துவிடும். மூன்றின் நடு ஸ்டிச்தான் மூலை. அங்கே வேறு நிற நூல் துண்டு ஒன்றை அடையாளமாகக் கோத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது சுற்றில் எதையும் கூட்ட வேண்டாம், பின் இழையில் மட்டும் குத்தி அதே 16. துணி மடங்கி நிமிர்ந்து நிற்கும். அது படியின் உயரம். நான்காவது சுற்றில் முன் இழையில் மட்டும் குத்தி, மூலைகளில் மூன்று மூன்று போட்டு 24. துணி வெளிப்பக்கம் விரியும். அது படியின் அகலம். ஐந்தாவதில் மறுபடி பின் இழையில் 24, ஆறாவதில் முன் இழையில் 32. உயரம், அகலம், உயரம், அகலம். இப்படி ஐந்தாறு படி ஏற்றினால் நடுவில் குழிந்த சதுரக் கிண்ணம் தயார். இந்தக் கணக்கில் எங்காவது மூலை ஒரு ஸ்டிச் நகர்ந்துவிட்டால் கிண்ணம் முறுக்கிக்கொள்ளும். அப்போது அடையாள நூலைப் பார்த்து அந்தச் சுற்று வரை பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரே வளையம்தானே திறந்திருக்கிறது, நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும்.

பின்னி முடித்த பிறகு விறைப்பு ஏற்ற வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகள் சர்க்கரைப் பாகில் முக்கச் சொல்கின்றன. இந்தக் கடற்கரையில் அது பிசுபிசுக்கும், எறும்பும் மொய்க்கும். பருத்திப் புடவைக்குப் போடுகிற அரிசிக் கஞ்சி போதும், கொஞ்சம் கெட்டியாக. பின்னலைக் கஞ்சியில் நனைத்துப் பிழிந்து, படிகளை விரலால் ஒவ்வொன்றாக மடித்து நிமிர்த்தி, மூலைகளில் குண்டூசி குத்தி வெயிலில் வைக்க வேண்டும். குண்டூசி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். மழைக் காலத்தில் பின்னியதை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, கஞ்சி போடுவதை மட்டும் தை பிறந்த பிறகு செய்வது நல்லது. கார்த்திகை ஈரத்தில் கஞ்சி காயாது, பூஞ்சை பிடித்துவிடும்.